குமரிக்கரையில் அரிசியா, மணலா?



கன்னியாகுமரிக்குக் கடல் பார்க்கப் போகிறவர்களுக்கு அங்குள்ள கருப்பும் சிவப்புமான மணலைக் காட்டி, அது அம்மன் கலியாணத்திற்கு வைத்த அரிசி என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. சுசீந்திரத்துச் சுவாமி குமரியை மணக்க நள்ளிரவில் புறப்பட்டாராம். அசுரனைக் கொல்லக் கன்னி வேண்டுமென்று நாரதர் சேவலாகிக் கூவினாராம். விடிந்துவிட்டதென்று மாப்பிள்ளை திரும்பினாராம். அரிசியெல்லாம் மணலாயிற்றாம்!

முக்காலமும் உணர்ந்த கடவுளுக்குச் சேவல் எது, நாரதர் எது என்று தெரியாமற் போவானேன்? ஏழெட்டு மைல் கடக்க முடியாதவர் நம்மைப் பிறவிக் கடல் கடத்துவது எப்படி? இந்த மாப்பிள்ளைச் சாமியின் கோயில் வீதிகளில் நடக்கும் உரிமைக்கே மனிதர்கள் 1926 இல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்ததென்பதையும் மறக்கக்கூடாது.

நிற்க, அம்மன் மூக்குத்தியின் ஒளியைக் கலங்கரை விளக்கமென்று நம்பி வந்த கப்பல்கள் பாறையில் மோதினவென்றும், அதனாலேயே கிழக்கு வாசல் அடைக்கப்பட்டதென்றும் பெருமை பேசுகிறார்கள். கப்பலைக் கவிழ்ப்பதும் ஒரு பெருமையா? கடலில் போகிறவனுக்கு அதனால் கடுகளவு பயனுண்டா?

இனி மணலின் உண்மையைப் பாருங்கள். கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். இரண்டும் கனிப்பொருள்கள். இதே கடற்கரையில் மேற்கேயுள்ள மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை 1909 இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயனி கண்டறிந்தார். அதிலிருந்து கிடைத்த தோரியம் ஐரோப்பாவின் காஸ் விளக்குகளின் மாண்டில்களுக்கு உதவிற்று. மூக்குத்தி ஒளி கப்பலைக் கவிழ்த்ததாம். நாம் மிதித்த மணலோ ஊருக்கு விளக்கானது! நாம் கும்பிட்டோம், அவன் சோதித்தான். வித்தியாசம் அவ்வளவுதான்.

இது வெறும் கதைதானே, இதிலென்ன கெடுதி என்பார்கள். 2017 நவம்பர் 30 இல் ஒக்கிப் புயல் வீசியபோது, நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்யப் போயிருந்த குமரி மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் கரை திரும்பவில்லை. அம்மனும் காக்கவில்லை; மாதாவும் காக்கவில்லை. அம்மக்கள் குழித்துறையில் ரயிலை மறித்துக் கேட்டதென்ன? கற்பூரமா, மெழுகுவர்த்தியா? காணாமற் போனவர்களைத் தேடிக் கப்பல் அனுப்பென்றுதானே கேட்டார்கள்!

அதுதான் பகுத்தறிவு. ஆகவே, அடுத்த முறை குமரிக்குப் போகும் தோழர்கள், "அரிசி மணலான கதை இருக்கட்டும், ஆழ்கடலில் உள்ளவனுக்குப் புயல் செய்தி எட்ட என்ன ஏற்பாடு?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.