எண்ணும் பெண்ணும்

நம்முடைய நாட்டில் பெண்களுக்கு ஜோசியம் சொல்ல ஆள் இல்லாமல் இருந்ததே இல்லை. பல்லி சொல்லும்; கிளி சொல்லும்; விடியற்காலையில் வரும் குடுகுடுப்பைக்காரன் சொல்வான். இப்போது ரத்தமும் சொல்ல ஆரம்பித்திருக்கிறது. கிளி ஜோசியக்காரனாவது, எடுத்த சீட்டைப் பிரித்து அர்த்தமும் சொல்லிவிட்டுத்தான் காசு கேட்பான். ரத்த ஜோசியக்காரர்களோ காசை முதலில் வாங்கிக்கொண்டு, ஓர் எண்ணை அச்சடித்துக் கொடுத்துவிட்டு, அர்த்தத்தை நம் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். கோபத்துக்குக் காரணம் இருக்கிறது.

'மகளிர் முழு உடல் பரிசோதனை' என்று ஒன்றைத் தள்ளுபடி விலையில் விற்கிறார்களே, அதில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று போகிற வரிசையின் கடைசியில், கொசுறு மாதிரி, 'சி.ஏ. 125' என்ற சோதனையும் சில இடங்களில் சேர்ந்து வருகிறது. சினைப்பைப் புற்றுநோயைக் காட்டும் சோதனை என்பார்கள். 35-க்குள் இருந்தால் சரி. தாண்டினால், தடித்த எழுத்து. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.

ஆரம்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண். முப்பத்தெட்டு வயது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை. அவளுக்கு இந்தச் சோதனையில் 61 என்று வந்தது. ரிப்போர்ட் அவள் கைக்கு வரவில்லை. புருஷனுடைய செல்போனுக்கு வந்தது. அவன் மச்சானுக்கு அனுப்பினான். மச்சான் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினான். உறவில் பாதிப் பேர் பார்த்த பிறகுதான் அவள் பார்த்தாள். ரத்தம் எடுத்த இடத்தில் கேட்டால், "டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார்களாம். டாக்டரோ, "இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மெட்ராஸ் போய்ப் பாருங்கள்" என்றாராம். தடாவிலிருந்து வந்த மாமியார், "அதான் ரெண்டு புள்ளை பெத்தாச்சே, கர்ப்பப்பையை எடுத்துப் போட்டுடலாம்" என்று தீர்ப்பே வழங்கிவிட்டாள்.

இப்படி மூன்று வாரம். "அத்தனை நாளும் என்னம்மா பண்ணினே?" என்று பிறகு கேட்டேன்.

"என்ன சார் பண்றது? பீரோ சாவி எங்கே இருக்கு, சீட்டுப் பணம் யார் யார் தரணும்னு பெரிய பொண்ணுகிட்டே சொல்லி வெச்சேன்" என்றாள்.

சென்னையில் ஸ்கேன் எடுத்து, நிதானமாக விசாரித்துப் பார்த்ததில் அது புற்றுநோய் அல்ல என்று தெரிந்தது. கருப்பையின் உள்வரிச் சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளருகிற உபாதை. மாதாமாதம் அவள் வலியில் சுருண்டு படுத்ததற்கும் அதுதான் காரணம். பல வருஷமாக இருந்த அந்த வலியைப் பற்றி அதுவரை ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. நட்சத்திரம் போட்ட எண்ணைப் பற்றி மட்டும் எல்லோரும் கேட்டார்கள்.

அந்த எண்ணின் பூர்வோத்தரம் என்ன? 1981-ல் அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்ட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் கண்டுபிடித்ததிலிருந்து பிறந்தது இது. ஏற்கெனவே சினைப்பைப் புற்றுநோய் இருக்கிறதென்று நிச்சயமானவர்களுக்கு, வைத்தியம் பலிக்கிறதா என்று பார்ப்பதில் இதற்கு மிகுந்த உபயோகம் உண்டு. மாதவிடாய் நின்ற ஒரு பெண்ணுக்கு வயிற்றில் கட்டி இருந்தால், ஸ்கேனோடு சேர்த்துப் பார்ப்பதிலும் உண்டு. ஆனால் மாதவிலக்கு நாட்களில் இந்த எண் உயரும். கர்ப்பத்தில் உயரும். நார்க்கட்டி இருந்தால் உயரும். நம் நாட்டில் சாதாரணமாகக் காண்கிற காசநோய் வயிற்றுக்குள் பரவினாலும் எக்கச்சக்கமாக உயரும். புற்றுநோயென்றே நினைத்து வயிற்றைக் கிழித்துப் பார்த்து, காசநோய் என்று கண்ட கதைகள் மருத்துவச் சஞ்சிகைகளில் நிறைய இருக்கின்றன. மாத்திரையால் தீருகிற நோய் அது! இதற்கு மறுபக்கமும் உண்டு. உண்மையாகவே புற்றுநோய் தொடங்கியிருக்கிற பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த எண் 35-க்குள்ளேயே இருந்துவிடும். அதிகமாக இருந்தால் பயப்படவும், குறைவாக இருந்தால் நிம்மதியடையவும் இது தனியாக நின்று லாயக்கில்லை.

"முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதுதானே?" என்று படித்தவர்கள் கேட்பார்கள். நல்லதுதானா என்று உலகம் பரீட்சித்தே பார்த்துவிட்டது. அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 1911-ல் அல்ல, 2011-ல் வந்தது. இந்தச் சோதனையையும் ஸ்கேனையும் வருஷந்தோறும் செய்ததில் சாவு குறையவில்லை. 3,285 பேருக்கு இல்லாத நோயை இருப்பதாகக் காட்டியது. அவர்களில் 1,080 பேர் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். 163 பேருக்கு அதனால் கடுமையான சிக்கல்கள் ஏற்பட்டன. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பல வருஷம் பார்த்து, 2021-ல் முடிவு சொன்னார்கள். அங்கேயும் சாவு குறையவில்லை. இத்தனைக்கும் பிறகு, எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணிடம் இதைப் 'பாக்கேஜ்' என்று விற்பதற்கு என்ன பெயர்? நான் வியாபாரம் என்றுதான் சொல்வேன்.

விஞ்ஞானத்தின்மேல் எனக்குப் பகை இல்லை. 2000-ல் நம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. பயிற்சி பெற்ற நர்ஸுகள், சமையலறை வினிகரைப் போன்ற நீர்த்த அமிலத்தைக் கருப்பை வாயில் தடவிக் கண்ணால் பார்த்தார்கள். ஒரே ஒரு தடவைதான். 2007-ல் கணக்குப் பார்த்தபோது, அந்தச் சோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவிகிதம் குறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்த காரியம். விலை மலிவு, பலன் நிச்சயம். ஆனால் அதற்குப் பெண்ணிடம் பேசியாக வேண்டும். அவளுடைய கூச்சத்தை மதித்தாக வேண்டும். ஊசியில் ரத்தத்தை உறிஞ்சுவதற்குப் பேச்சு எதற்கு?

இந்தப் பேசாமையின் கடைசி விளைவு கத்தி. 2015-16-ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கில், நாடு முழுவதும் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு மூன்று பேர் கர்ப்பப்பை நீக்கியவர்கள். ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம். அங்கே நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது பேர். தேவையில்லாத இந்த ஆபரேஷன்களைத் தடுக்க, 2023-ல் சுப்ரீம் கோர்ட்டே தலையிட்டு மாநிலங்களுக்கு உத்தரவு போட வேண்டியதாயிற்று. பயந்துபோன பெண்ணிடம் எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வாங்கிவிடலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"பாமர ஜனங்களுக்கு விளக்கினால் புரியாது" என்று ஒரு சமாதானம் சொல்கிறார்கள். சீட்டுக் கணக்கை நயா பைசா பிசகாமல் போடுகிறவளுக்கு, 'இந்த எண் பல காரணங்களால் ஏறும். மாதவிலக்கு முடிந்து சில வாரம் கழித்து மறுபடி பார்ப்போம். அதற்குள் ஒரு ஸ்கேன் எடுப்போம்' என்பது புரியாதா? புரியாது என்பதல்ல; சொல்ல நேரமில்லை, சொல்ல மனமில்லை என்பதுதான் உண்மை.

ஆகவே சோதனைக் கூடத்தாரைக் கேட்கிறேன்: நட்சத்திரம் போட இடம் இருக்கிற காகிதத்தில், தமிழில் நாலு வரி எழுத இடம் இல்லையா? டாக்டர்களைக் கேட்கிறேன்: 'ஒன்றும் சொல்ல முடியாது' என்பதையே உட்காரவைத்து, ஆதரவாக, அடுத்து என்ன செய்வதென்பதோடு சேர்த்துச் சொன்னால் என்ன? குடும்பஸ்தர்களைக் கேட்கிறேன்: அவளுடைய உடம்பைப் பற்றிய காகிதம் அவளுக்கு முன்னால் உங்கள் கைக்கு ஏன் வருகிறது?

பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வயிறு உப்புசம் வாரக்கணக்கில் நீடித்தால், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துபோனால், அடிவயிற்றில் ஓயாத வலி இருந்தால், அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்ந்தால், மாதவிடாய் நின்றபிறகு ரத்தம் பட்டால், பாக்கேஜ் வரும்வரை காத்திராதீர்கள். அன்றே வைத்தியரிடம் போங்கள். வெட்கப்படாமல் வாயைத் திறந்து சொல்லுங்கள். எண் தானாகப் பேசாது. நீங்கள் பேசினால்தான் அதற்கு அர்த்தம் வரும்.