வால்வு செத்துப்போச்சுன்னு யார் சொன்னது?

எங்க மலைப்பக்கம் பழைய வால்வு ரேடியோ, ரேடியோகிராம் இன்னும் இருக்கிற வீடுகளில் அதன் கதி ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, பூப்போட்ட துணி விரிச்சு மேலே சாமிப் படம் வைக்கிற மேசை. இல்லாட்டி, உள்ளே இருந்ததைப் பிடுங்கிட்டு ப்ளூடூத் போர்டு பூட்டின பெட்டி. ஏன்னு கேட்டா, "வால்வு போயிருச்சு, இப்ப எங்க கிடைக்கும்?"

இந்தப் பதிலை நாங்க ஏத்துக்கல. வால்வு அவ்வளவு லேசில் சாகாது. பல ஆயிரம் மணி நேரம் ஓடும். உள்ளே இருக்கிற கேதோடின் பூச்சு தேய்ந்தால்தான் அதுக்கு முடிவு. அதுக்கு முன்னாடி சாகுதுன்னா, பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒண்ணு அதைக் கொல்லுதுன்னு அர்த்தம்.

பெரும்பாலும் குற்றவாளி பழைய காகிதக் கெப்பாசிட்டர். அது கசிஞ்சா, ஸ்பீக்கரை ஓட்டுற ஈஎல் 84 வால்வுக்குள் அளவுக்கு மீறி மின்சாரம் பாயும். பிளேட் சிவந்து எரியும். புது வால்வு வாங்கிப் போட்டாலும் அதே கதிதான். முதலில் மாத்த வேண்டியது அந்தச் சின்னச் சாமானை. அடுத்தது பின்பக்க வோல்டேஜ் திருகி. அதை 220இல் விட்டுட்டு, வீட்டில் 240 வந்தால், 6.3 வோல்ட் போக வேண்டிய இழைக்கு 6.9 போகும். ஆயுசு குறையாம என்ன செய்யும்? இதுல சுவரோடு ஒட்டி வச்சு, துணியும் போத்தினா சூடு வெளியேற வழியே இல்லை.

பனியைக் குறை சொல்றவங்களும் உண்டு. கண்ணாடிக்குள் பனி போகாது. கால்களில்தான் பாசி பிடிக்கும். கரகரப்பு அதனால்தான். வால்வின் உள்பக்கம் வெள்ளி மாதிரி மினுங்குதான்னு பாருங்க. பால் வெள்ளையாயிருந்தா காத்துப் புகுந்துருச்சு, அதுதான் நிஜச் சாவு.

பல வருஷம் தூங்கின செட்டை நேரா பிளக்கில் மாட்டாதீங்க. பழைய பாஸ்மார் சீரிஸ் பல்ப் போட்டுத்தான் எழுப்புவாங்க. வயரைக் கழட்டின பிறகும் உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல தங்கியிருக்கலாம். தெரிஞ்ச ஆள் இல்லாம கை வைக்க வேணாம்.

இதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? லயத்துக்குக் கரண்ட் வராத காலத்தில் 90 வோல்ட் டிரை பேட்டரியில் ஓடின செட்டுகள் இருந்தன. 1948இல் குடியுரிமை பறிபோன சனம் இலங்கை வானொலியில் தமிழ் கேட்டது இப்படியான பெட்டிகளில்தான். 2023இல் மலையகம் 200 என்று நினைவுகூர்ந்தோமே, நம்ம ஞாபகப் பொருள்னா கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் மட்டும்தானா? அதுவும், ரேடியோ சும்மா நின்னா வெறும் மரப்பெட்டி. பாடினாத்தான் அது ரேடியோ.

ஈஎல் 84 இன்னைக்கும் ஸ்லோவாக்கியாவில் தயாராகுது. ஈசிஎச் 81, பச்சையாக ஒளிரும் மேஜிக் ஐ எல்லாம் பழைய இருப்பில் தேடினால்தான் உண்டு. அதனால, ப்ளூடூத் பூட்டியே தீருவேன்னு நிக்கிறவங்க, கழட்டின வால்வுகளைக் குப்பையில் போடாம பேப்பரில் சுத்தி எடுத்து வைங்க. பக்கத்துத் தோட்டத்தில் யாராவது அதைத்தான் தேடிக்கிட்டு இருப்பாங்க.