ஸ்டேட் பத்தியைப் பார்த்தீர்களா?
"முடிந்துபோன குவெரியை இன்னும் ஓடுவதாகக் காட்டுகிறது, போஸ்ட்கிரெஸின் ஆக்டிவிட்டி பட்டியலை நம்பவே கூடாது" என்ற வாதத்தை ஏற்க முடியாது. 2012இல் வந்த 9.2 பதிப்பிலிருந்தே, இணைப்பு சும்மா இருந்தால் 'குவெரி' பத்தியில் நிற்பது அது கடைசியாக ஓட்டிய கட்டளைதான். இப்போது ஓடுகிறதா என்பதைச் சொல்வது 'ஸ்டேட்' பத்தி. அதில் 'ஐடில்' என்று இருக்க, தொடங்கிய நேரத்தை மட்டும் கழித்துப் பார்த்துவிட்டு "மூன்று மணி நேரமாக ஓடுகிறது" என்று அலறினால் தவறு யாருடையது? 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்' என்றால் கதை வேறு. அது பூட்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கலாம், அங்கேதான் பதற வேண்டும். இன்னொன்று: பிகின் போட்டுவிட்டு அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள் எத்தனை முறை பார்த்தாலும் முதலில் எடுத்த நகலே வரும். கமிட் செய்துவிட்டுப் பாருங்கள். சர்வரைக் குறை சொல்லும் முன் உங்கள் கண்காணிப்பு ஸ்கிரிப்டில் ஸ்டேட் நிபந்தனையைச் சேருங்கள்.