மதிப்பெண்ணுக்குப் பின்னே நிற்கும் கோட்பாடு

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் பதினோராம் திருத்தமான ஐ.சி.டி.-11, 2022 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, ஆளுமைக் கோளாறுகளை ஐயுறவு வகை, நாடகப்பாங்கு வகை, தவிர்ப்பு வகை என்று தனித்தனியே பிரித்து வைத்திருந்த பழைய முறை கைவிடப்பட்டது. ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள உணர்விலும் பிறரோடு கொள்ளும் உறவிலும் எவ்வளவு குலைவு நேர்ந்துள்ளது என்பதை முதலில் கண்டறிந்து, அதை இலேசானது, நடுத்தரமானது, கடுமையானது எனத் தரப்படுத்துவதே இப்போதைய முறை. அதன் பிறகு, எதிர்மறை உணர்ச்சிப்பாங்கு, விலகல், பிறர்நலப் புறக்கணிப்பு, தற்கட்டுப்பாடின்மை, மிகையொழுங்கு என்னும் ஐந்து பண்புக் களங்களில் எவை மேலோங்கி நிற்கின்றன என்பதையும் குறிக்கலாம். பழைய வகைகளில் எல்லைநிலைப் பாங்கு மட்டுமே தனிக் குறிப்பாக எஞ்சியிருக்கிறது. கோட்பாட்டின் கறார்த்தன்மையைவிடச் சிகிச்சையாளர்களின் நடைமுறைத் தேவையே அதைக் காப்பாற்றியது எனலாம்.

ஆளுமையை வகையாகக் காண்பதிலிருந்து அளவாகக் காண்பதற்கு நகரும் இம்மாற்றம், மருத்துவ உளவியலாளரின் அலமாரியில் உள்ள சோதனைகளை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்க்கக் கோருகிறது. ஏனெனில், எந்தச் சோதனையின் மதிப்பெண்ணும் அதை ஈன்ற கோட்பாட்டையும், எந்த மக்களை வைத்து அது தரப்படுத்தப்பட்டதோ அந்த மக்களையும் விட்டு விலகித் தனியே பொருள் தருவதில்லை; ஆனால் நோயாளியின் கோப்பில் சேரும் அறிக்கையில் மதிப்பெண் மட்டும் தங்கிவிட, மற்ற இரண்டும் பெரும்பாலும் காணாமல் போகின்றன.

புதிய பண்புக் களங்களின் வேர், மருத்துவமனையில் அன்றி அகராதியில் உள்ளது. மனிதர் ஒருவரையொருவர் வேறுபடுத்திக் காண்பதற்கு இன்றியமையாத பண்புகளுக்கெல்லாம் மொழியில் சொல் பிறந்திருக்கும் என்னும் எடுகோளின் அடிப்படையில், கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பெர்ட்டும் ஆங்கில அகராதி ஒன்றிலிருந்து 17,953 சொற்களைத் திரட்டி 1936இல் வெளியிட்டனர். அவற்றுள் ஏறத்தாழ 4,500 சொற்களே நிலையான பண்புக்கூறுகளைக் குறிப்பவை என்று கொள்ளப்பட்டன. ரேமண்ட் கேட்டல் அப்பட்டியலைச் சுருக்கி, எந்தெந்தப் பண்புகள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று கணித்துத் தொகுக்கும் காரணிப் பகுப்பாய்வின் வழியே பதினாறு காரணிகளை அடைந்தார். 1961இல் அமெரிக்க விமானப்படைக்காக ஆய்வு செய்த டூப்ஸும் கிறிஸ்டலும் ஐந்தே காரணிகள் திரும்பத் திரும்பத் தோன்றுவதைக் கண்டனர். அவ்வைந்தையும் காஸ்டாவும் மெக்ரேயும் 240 வினாக்கள் கொண்ட திருத்திய நியோ வினாநிரலாக 1992இல் வடித்துத் தந்தனர். ஐ.சி.டி.-11இன் எதிர்மறை உணர்ச்சிப்பாங்கு இவ்வைந்தில் உணர்ச்சித் தளம்பலோடும், விலகல் புறமுகத்தன்மையின் குறைவோடும், பிறர்நலப் புறக்கணிப்பு இணக்கத்தின் குறைவோடும் பொருந்துகின்றன. தற்கட்டுப்பாடின்மையும் மிகையொழுங்கும் கடமையுணர்வின் இரு எதிர்முனைகளை ஒட்டி அமைகின்றன. ஐந்தாவதான அனுபவத் திறப்புக்கு மட்டும் நோய்ப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.

இந்த ஐந்தும் பல நாடுகளில், குறிப்பாகக் கல்வி பெற்ற நகர மக்களிடையே, உறுதியாக வெளிப்பட்டுள்ளன. ஆயினும் பொலிவியாவின் காட்டுப் பகுதியில் வேட்டையாடியும் சிறு பயிர் செய்தும் வாழும், எழுத்தறிவு குறைந்த சிமானே மக்களிடையே நடத்தி 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வில் ஐந்து காரணிகள் எழவில்லை. பிறரோடு ஒத்துவாழும் இயல்பு, உழைப்பூக்கம் என்னும் இரண்டையே ஆய்வாளர்கள் தெளிவாகக் காண முடிந்தது. ஐந்து காரணிக் கொள்கையை இது பொய்ப்பித்துவிட்டது என்று சொல்வது அவசர முடிவு. ஆனால், வினாநிரலையே முதன்முறையாகக் கையில் வாங்கும் ஒருவரிடம் பெற்ற விடைகளை, பல்கலைக்கழக மாணவர்களிடம் பெற்ற விடைகளோடு அப்படியே ஒப்பிடுவது எவ்வளவு தளர்ந்த அடித்தளம் என்பதை அது காட்டிவிட்டது.

கோட்பாடே இல்லாமல் சோதனை செய்துவிடலாம் என்ற துணிவின் வரலாறு இன்னும் படிப்பினை மிக்கது. மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஹாதவேயும் மெக்கின்லியும் உருவாக்கி 1943இல் வெளிவந்த எம்.எம்.பி.ஐ. வினாநிரலில், ஒரு வினா ஏன் மனச்சோர்வைக் காட்ட வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. மனச்சோர்வுள்ளோரும் நோயற்றோரும் அதற்கு வெவ்வேறாக விடையளித்தார்களா என்பது மட்டுமே பார்க்கப்பட்டது. அந்த 'நோயற்றோர்' 724 பேரும் அம்மருத்துவமனையில் நோயாளிகளைக் காண வந்த உற்றார் உறவினர். பெரும்பாலோர் வெள்ளையர், மணமானவர், முப்பத்தைந்து வயதை ஒட்டியவர், எட்டாம் வகுப்பளவு படித்தவர், சிற்றூர் சார்ந்தவர். கோட்பாட்டை வாசலில் நிறுத்திவிட்டதாக எண்ணப்பட்ட சோதனைக்குள், இயல்பான மனிதர் யார் என்ற முடிவு இவ்வாறு ஓசையின்றி நுழைந்துவிட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு உலகெங்கும் நோயாளிகள் இந்த வருகையாளர்களோடு ஒப்பிடப்பட்ட பிறகே, 1989இன் இரண்டாம் பதிப்பு 2,600 பேர் கொண்ட புதிய நியமக் குழுவை, அதாவது ஒருவரின் மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மக்கள் தொகுதியை, அமைத்தது. அவர்களும் அமெரிக்காவின் ஏழு மாநிலங்களைச் சேர்ந்தவர்களே.

இதன் விளைவு எங்கே உறைக்கிறது என்பதை எம்.எம்.பி.ஐ.யின் எல் அளவுகோலில் மிகத் தெளிவாகக் காணலாம். எப்போதாவது கோபப்படுவது, சிறு பொய் சொல்வது போன்று ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொள்ளும் குறைகளை ஒருவர் தொடர்ந்து மறுத்தால் இவ்வளவுகோலில் அவர் மதிப்பெண் உயரும். தம்மை நல்லவராகக் காட்ட முயல்கிறார் என்பது பாடநூல் விளக்கம். கண்டிப்பான சமய ஒழுக்கத்தில் வளர்ந்தவர்களுக்கும், மனக்குறையை வெளியாரிடம் சொல்வது குடும்பத்துக்கு இழுக்கு என்று பழக்கப்பட்டவர்களுக்கும் இதே மதிப்பெண் ஓரளவு உயரக்கூடும். குழந்தையை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்யவுள்ள குடும்ப நீதிமன்றத்துக்கு, ஒரு தாயைப் பற்றி 'தற்காப்பு மனப்பாங்கு மிகுந்தவர்' என்று எழுதி அனுப்பும் முன், அந்த உயர்வு வஞ்சனையா வளர்ப்பா என்பதை நேர்காணலிலும் உறவினர் தரும் தகவலிலும் உரசிப் பார்ப்பது உளவியலாளரின் பொறுப்பு. கணினி அச்சிட்டுத் தரும் விளக்கவுரை அதைச் செய்யாது.

உளப்பகுப்பாய்வு மரபின் கருவிகள் வேறொரு நம்பிக்கையில் நிற்பவை. நனவிலியில் அழுந்திக் கிடப்பதை நேரடி வினாவால் வெளிக்கொணர முடியாது, பொருள் தெளிவற்ற ஒன்றைக் காட்டினால் மனம் தன்னையே அதன்மேல் ஏற்றிப் பேசும் என்னும் அந்த நம்பிக்கையே புறத்தேற்று முறைகளின் அடிப்படை. ஹெர்மன் ரோர்ஷாக் 1921இல் பத்து மைத்தட அட்டைகளை வெளியிட்டு மறு ஆண்டே மறைந்துவிட்டதால், மதிப்பிடும் முறைகள் பள்ளிக்கொன்றாகப் பெருகின. ஜான் எக்ஸ்னர் 1974இல் அவற்றை ஒரே ஒழுங்கில் கொண்டுவந்தார்; ஆனால் அவருடைய நியமக் குழுவின் 700 பதிவுகளில் 221 பதிவுகள் இருமுறை எண்ணப்பட்டவை என்று பிற்காலத்தில் தெரியவந்தது. இந்த அட்டைகளை முற்றிலும் தூக்கி எறிய வேண்டும் என்ற வாதமும் சரியன்று. 2013இல் வெளியான விரிவான தொகுப்பாய்வு, சிந்தனைக் குலைவைக் காட்டும் குறியீடுகளுக்கு நல்ல சான்று இருப்பதையும், வேறு பல குறியீடுகளுக்குச் சான்று மெலிந்தோ இல்லாமலோ இருப்பதையும் பிரித்துக் காட்டியது. மனநோய் தொடக்கத்தை ஐயுறும் இடத்தில் பயன்படும் அதே அட்டைகளை, வேலைக்கு ஆள் தேர்வதற்கோ மணமக்களின் பொருத்தம் பார்ப்பதற்கோ விரிப்பது முறைகேடு.

கார்ல் ரோஜர்ஸின் மனிதநேய மரபு, ஒருவர் தம்மைக் காணும் விதத்துக்கும் தாம் இருக்க விரும்பும் விதத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்க முனைந்தது. சிகிச்சையின் முன்னும் பின்னும் ஒப்பிடுவதற்கு அது இன்றும் உதவும், நோயறிதலுக்கு உதவாது. இதைவிட ஆழமாகச் சோதனையாளரைத் தைத்தது வால்டர் மிஷெல் 1968இல் எழுப்பிய கேள்விதான். பண்புக்கூறு மதிப்பெண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட சூழலில் காணும் நடத்தைக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு பெரும்பாலும் 0.30ஐத் தாண்டுவதில்லை என்று அவர் சுட்டினார். பல சூழல்களின் நடத்தையைக் கூட்டிச் சராசரி கண்டால் ஒட்டுறவு உயர்கிறது என்ற மறுமொழியில் நியாயம் உண்டு. எனினும் மிஷெலும் யூய்ச்சி ஷோடாவும் பின்னர்ச் சிறார் கோடை முகாம் ஒன்றில் கண்டது அச்சராசரி எதை விழுங்குகிறது என்பதைக் காட்டியது. மொத்தத்தில் ஒரே அளவு மூர்க்கம் காட்டும் இரு சிறுவரில் ஒருவன் சக சிறுவர் சீண்டும்போது மட்டும் கைநீட்டலாம், மற்றவன் பெரியவர் கண்டிக்கும்போது மட்டும் சீறலாம். ஒவ்வொருவனுக்கும் அந்தப் பாங்கு ஓரளவு நிலையானது. இவ்விருவருக்கும் ஒரே மதிப்பெண்ணை எழுதி ஒரே சிகிச்சைத் திட்டத்தைப் பரிந்துரைப்பவர், சிகிச்சைக்கு வேண்டிய தகவலைத்தான் தவற விடுகிறார்.

அறிக்கையைப் படித்த நோயாளியே 'அப்படியே என்னைச் சொல்லிவிட்டீர்கள்' என்று வியப்பதை ஏற்புடைமைக்குச் சான்றாகக் கொள்ளும் பழக்கமும் இன்னும் ஒழியவில்லை. பெர்ட்ராம் ஃபோரர் 1949இல் வெளியிட்ட ஆய்வில், 39 மாணவர்களுக்கும் சோதிட நூலிலிருந்து எடுத்த ஒரே விவரணையைத் தனித்தனி ஆளுமை அறிக்கையாகக் கொடுத்தபோது, அதன் பொருத்தத்துக்கு அவர்கள் ஐந்துக்குச் சராசரியாக 4.26 அளித்தனர். நிறுவனங்களின் பயிற்சி அரங்குகளில் ஆளுமை வகைச் சோதனைகளுக்குக் கிடைக்கும் கைதட்டலையும் இந்த எண்ணோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

இவற்றை முன்னிட்டு, ஆளுமை மதிப்பீடு இடம்பெறும் நோயாளர் ஆய்வுகளை இவ்விதழுக்கு அனுப்புவோர், பயன்படுத்திய சோதனையின் பதிப்பு, அதன் நியமக் குழு எந்நாட்டினர், தமிழ் வடிவம் எனில் அது யாரால் பெயர்க்கப்பட்டு எவ்வாறு மறுபெயர்ப்பு செய்து சரிபார்க்கப்பட்டது, வினாக்களை நோயாளி தாமே படித்தாரா பிறர் படித்துக் காட்டினாரா, எந்தக் கோட்பாட்டின்படி மதிப்பெண் விளக்கப்பட்டது என்னும் விவரங்களைக் கட்டுரையிலேயே தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். தமிழ்ப் பேசுவோரிடம் பெற்ற நியமங்கள் இல்லாதவிடத்து, வெளிநாட்டு வெட்டுப்புள்ளியை வைத்து மட்டும் நோய் உண்டு என முடிவுகட்டும் கட்டுரைகள் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பப்படும்.