அவசரப்பட்டு மண்ணீரலை எடுக்காதீர்கள்

டெங்கு பரவும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாற்றிலும் பிளேட்லெட் எண்ணிக்கையைப் பற்றித்தான் பேச்சு. அது இருபதாயிரத்துக்கு இறங்கினால் வீடே கலங்கிப்போகும். பப்பாளி இலைச் சாறு தேடி ஓடுவோம். அதே கலக்கம்தான் ஐ.டி.பி. நோயுள்ள குழந்தைகளின் பெற்றோரையும் ஆட்டிவைக்கிறது. உடலின் எதிர்ப்பாற்றலே பிளேட்லெட்டுகளை, பெரும்பாலும் மண்ணீரலில் வைத்து, அழிக்கும் நோய் இது. மாதக்கணக்கில் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள், "மண்ணீரலை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா டாக்டர்?" என்று கேட்பது இயல்பு.

பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரியாகும் என்பது உண்மைதான். 1916-ல் பிராக் நகரில் தொடங்கிய சிகிச்சை அது. உயிருக்கு ஆபத்தான ரத்தக்கசிவு வந்து, மருந்துகளும் கைவிட்ட குழந்தைக்கு இன்றும் அதுவே துணை. ஆனால் இந்நோய் கண்ட குழந்தைகளில் பெரும்பான்மையோர் ஓராண்டுக்குள் தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஓராண்டைக் கடந்து நாள்பட்ட நோயான பிறகும் தேறுகிறவர்கள் உண்டு. எண்ணிக்கை தாழ்ந்திருந்தும், தோலில் சில சிவப்புப் புள்ளிகளோடு ஓடி விளையாடும் பிள்ளைகள் பலர். எல்ட்ரோம்போபாக், ரோமிப்ளோஸ்டிம் போன்ற மருந்துகளும் வந்துவிட்டன. அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், குழந்தைகளுக்கு இவற்றையும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தையும் அறுவை சிகிச்சைக்கு முன்னால் வைக்கிறது. மாத்திரை வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு குழந்தை அறுவை அரங்குக்குப் போகிறது என்றால், அது அரசின் தோல்வி.

அறுவைக்குத் தயங்க இன்னொரு காரணமும் உண்டு. மண்ணீரல் இல்லாத உடலில் நிமோகாக்கஸ் கிருமி புகுந்தால், காலையில் சாதாரணக் காய்ச்சலாகத் தெரிவது இரவுக்குள் உயிரையே பறித்துவிடலாம். 1952-லேயே கிங், ஷூமாக்கர் என்ற இரு மருத்துவர்கள் இதை எழுதி எச்சரித்தார்கள். இந்த அபாயம் வாழ்நாள் முழுவதும் தொடரும். மலேரியாவும் மண்ணீரல் இல்லாதவர்களைக் கடுமையாகத் தாக்கும். நாய்க்கடிகூட ரத்தத்தில் நஞ்சேற்றிவிடலாம்.

ஆகவே அறுவைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பாவது நிமோகாக்கல், மெனிங்கோகாக்கல், ஹிப் தடுப்பூசிகளைப் போட்டிருக்க வேண்டும். இங்கேதான் நம் கவலை கூடுகிறது. தமிழ்நாட்டின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் நிமோகாக்கல் ஊசி சேர்ந்தது 2021-ல்தான். அதற்கு முன் பிறந்து, தனியாரிடம் காசு கொடுத்துப் போட வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் அதைப் பெறவே இல்லை. மெனிங்கோகாக்கல் ஊசி இன்னும் அத்திட்டத்திலேயே இல்லை.

மண்ணீரல் அகற்றப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்த ஊசிகள் அனைத்தையும் அரசு இலவசமாகத் தர வேண்டும். குழந்தை எந்த மருத்துவமனைக்குப் போனாலும் காட்டுவதற்கு ஓர் எச்சரிக்கை அட்டையும் கொடுத்தனுப்ப வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அறுவை செய்யலாம் என்று சொல்லப்பட்டால், குழந்தைகள் ரத்தநோய் நிபுணர் ஒருவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். ஏற்கெனவே மண்ணீரல் எடுத்த பிள்ளைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிச் செல்லுங்கள். "இவனுக்கு மண்ணீரல் இல்லை" என்பதை முதலில் சொல்லுங்கள்.