நம் வீட்டு வைஃபையில் யார் யார்?

போன மாதம் ஊரிலிருந்து தங்கை மகன் வந்திருந்தான். இன்டர்நெட் ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று நான் புலம்பியதும், "மாமா, உங்க வைஃபையில யார் யார் இருக்காங்கன்னு எப்பவாவது எண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டான்.

எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? என் போன், மனைவியின் போன், லேப்டாப், டிவி. நான்குதானே என்றேன்.

என் பழைய லேப்டாப்பில் 'என்மேப்' என்ற இலவசப் புரோகிராமைப் போட்டுக் கொடுத்தான். இதில் படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். கார்டன் லயன் என்ற அமெரிக்கர் 1997-இல் வெளியிட்டது. இன்றும் நெட்வொர்க் பராமரிப்பவர்கள் அன்றாடம் பயன்படுத்துவது.

என்மேப் என்று அடித்து, இடம் விட்டு, ஒரு சிறு கோடு, எஸ், என், பிறகு 192.168.1.0/24. அவ்வளவுதான். சில நொடிகளில் பட்டியல் வந்தது. நான்கு அல்ல, எட்டு!

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 34 ஆண்டுகள் இருந்தவன். ஒவ்வொரு ஜோடிக் கம்பியாகச் சோதித்து, எது யாருடைய லைன் என்று சிட்டையோடு ஒத்துப் பார்ப்பது எங்கள் வேலை. அதே வேலைதான் இதுவும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வன்பொருள் முகவரி உண்டு. அதன் முதல் பாதி தயாரிப்பாளருக்கு ஒதுக்கப்பட்டது. அதை வைத்து என்மேப் கம்பெனிப் பெயரைச் சொல்லிவிடும். இப்போதைய போன்கள் மட்டும் பாதுகாப்புக்காகப் பொய் முகவரி காட்டுவதால் பெயரில்லாமல் வரும்.

உட்கார்ந்து ஒத்துப் பார்த்தோம். ஒன்று ரூட்டர். ஒன்று பிரிண்டர். பெயரில்லாத ஒரு போன், பக்கத்து வீட்டுப் பையனுடையது. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக என் மனைவி பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறாள். கொடுத்தவளும் மறந்துவிட்டாள், நானும் கேட்கவில்லை.

எட்டாவது, ஹால் கேமரா. மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது, வெளிநாட்டில் இருக்கும் மகன் பார்த்துக்கொள்ளட்டும் என்று மாட்டியது. அவள் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு கழற்ற மறந்துபோனோம்.

அடுத்து அந்தக் கேமராவின் முகவரியை மட்டும் கொடுத்துச் சோதித்தோம். ஒரு கருவிக்கு 65,535 வரை எண்ணிட்ட வாசல்கள் உண்டு. அவற்றைப் 'போர்ட்' என்கிறார்கள். என்மேப் வழக்கமாகப் பயன்படும் ஆயிரத்தைத் தட்டிப் பார்க்கும். 80, 554 திறந்திருந்தன. கேமராவுக்கு அது இயல்பு. ஆனால் 23-ம் திறந்திருந்தது. அது டெல்நெட் என்ற பழைய வழி. பாஸ்வேர்டைக்கூட மறைக்காமல் அனுப்புவது. பாஸ்வேர்டும் தொழிற்சாலையில் வைத்ததே. மாட்டியவர் மாற்றவே இல்லை. போதாததற்கு, மகன் வெளிநாட்டிலிருந்து பார்க்க வசதியாக ரூட்டரிலும் வெளியிலிருந்து வர வழி திறந்துவிட்டிருந்தார்.

என் மனைவி இரண்டு மாதம் படுத்திருந்தது அந்த ஹாலில்தான். புடவை மாற்றியதும் அங்கேதான். விஷயத்தைச் சொன்னதும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "முதல்ல அதைக் கழட்டுங்க" என்றாள். கழற்றிவிட்டேன். ரூட்டரின் வழியையும் அடைத்தேன்.

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "நம்ம வீட்ல திருட என்ன சார் இருக்கு?" என்று சிரித்தார். அங்கேதான் தவறு செய்கிறோம். 2016-இல் 'மிராய்' என்ற தீய புரோகிராம் உலகெங்கும் இப்படிப்பட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் தேடிப் பிடித்தது. அதன் கையில் இருந்தது சுமார் 60 தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளின் பட்டியல் மட்டுமே. பிடித்த கருவிகளை அடியாட்களாக ஏவி, அந்த அக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றைப் பல மணி நேரம் முடக்கினார்கள். கேமராவின் சொந்தக்காரர்களுக்கு எதுவுமே தெரியாது. அவர்களுக்கு வேண்டியது நம் பீரோ அல்ல, நம் கருவி.

கேமரா மாட்டுகிறவர், நம் எதிரிலேயே நம்மையே பாஸ்வேர்டு மாற்ற வைத்துவிட்டுத்தான் கூலி வாங்க வேண்டும் என்பது என் கருத்து. புது வீட்டுச் சாவியைக் கொத்தனாரிடமே விட்டு வைப்போமா? நாமும் 'அதெல்லாம் பையன் பார்த்துப்பான்' என்று ஒதுங்குவதை நிறுத்த வேண்டும். பையன் அமெரிக்காவில் இருக்கிறான். கேமரா நம் தலைக்கு மேலே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனை நம் வீட்டுக்கு மட்டும். அடுத்தவர் வாசலைத் தட்டிப் பார்ப்பது அநாகரிகம். அனுமதியில்லாமல் உள்ளே நுழைவது நம் நாட்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

கறுப்புத் திரை உங்களுக்கு ஒத்துவராவிட்டால் பரவாயில்லை. ஒரு காகிதத்தில், வீட்டில் வைஃபை வாங்கும் பொருள்களை எழுதுங்கள். அடுத்த முறை பேரனோ பேத்தியோ வரும்போது அந்தப் பட்டியலை ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுப் பையனுக்குப் புதுப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டேன். இந்த முறை சிட்டையில் எழுதி வைத்துக்கொண்டு.