மஞ்சளை மீட்டோர் காலை இழப்பதோ?

புண்ணாற்றும் மஞ்சளின் பயனுக்கு 1995ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நடுவம் காப்புரிமை பெற்றது. இந்திய நடுவணரசின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழஞ்சான்றுகளைக் காட்டி எதிர்த்தமையால், 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. பாட்டியின் அஞ்சறைப் பெட்டி அறிவு அயலார் உடைமையாகாமற் காக்கப்பட்டது. மகிழ்ச்சியே! ஆயின் அம்மகிழ்ச்சியோடு நின்றுவிடுதல் அறிவுடைமையாகுமா?

நீரிழிவாளர் உள்ளங்காலில் புண் தோன்றின், வீட்டார் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுகின்றனர், தேன் தடவுகின்றனர், கற்றாழைச் சோற்றை வைத்துக் கட்டுகின்றனர். இவை வெற்று மூடத்தனம் அல்ல. தேன் ஈரத்தை ஈர்க்கும். தன் புளிப்பால் நுண்ணுயிரிகளை ஒடுக்கும். எனினும் நீரிழிவுப் புண், அரிவாள்மணை கீறிய புண்ணன்று. நரம்பு உணர்விழந்தமையால் முள் தைத்ததும் செருப்புக் கடித்ததும் தெரிவதில்லை. குருதியோட்டம் குன்றியமையால் புண் எளிதில் ஆறுவதுமில்லை. வலியின்மையே அங்குக் கொடும்பகை! நோவாத காலால் அவர் புண்மேலேயே நடந்து திரிய, பூச்சின் அடியில் சீழ் எலும்புவரை இறங்குகிறது.

இவ்வுண்மை தமிழ் மண்ணிலேயே தெளிவுற்றது. 1946இல் வேலூருக்கு வந்து தொழுநோயாளர்க்குத் தொண்டாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டு, மரத்த காலைப் புண்ணாக்குவது உணராது தாங்கும் அழுத்தமே எனக் காட்டினார். புண்பட்ட காலை மாக்கட்டிட்டு அழுத்தம் தவிர்க்கும் முறை, பின்னர் நீரிழிவுப் புண்ணுக்கும் உரியதாயிற்று.

2023இல் வெளிவந்த அனைத்துலக நீரிழிவுக்கால் நெறிமுறை, இப்புண்ணை ஆற்றுதற்குத் தேனும் மூலிகைக் கட்டும் வேண்டா என்கிறது. சான்று போதாமையே கரணியம். இதனைத் தமிழ் மருத்துவத்திற்கு இழுக்கெனச் சினப்பதாற் பயனில்லை. போதாத சான்றை ஆய்ந்து தருதலன்றோ தமிழ் மருத்துவத்திற்குச் செய்யும் உண்மைத் தொண்டு? சித்த மருத்துவ ஆய்வகங்கள் அதனை மேற்கொள்ளல் வேண்டும்.

அதுவரை, நாடோறும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்தல், வெறுங்காலுடன் நடவாமை, புண் கண்ட அன்றே மருத்துவரை நாடல் ஆகிய மூன்றும் கடமைகளாகும். இவற்றைச் சொல்லும் அறிவுரைத் தாள், எழுத்தறிந்த எளியோர் எவரும் படிக்குமாறு நல்ல தமிழில் அச்சிடப்பெறல் வேண்டும். ஆங்கிலத் தாளைப் புரியாது மடித்துவைத்துக் காலை இழப்போர் தமிழர் அல்லரோ? மஞ்சளின் பெருமையைக் காத்தோர், மஞ்சள் பூசிய காலையும் காப்பாராக!